ஒரு சாசேஜ் கீழே விழுகிறது: 'நிச்சிஜோ' பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இது: "அனிமே நகைச்சுவை என்று பேச்சு வந்தாலே எல்லோரும் 'நிச்சிஜோ'வைத்தான் சொல்கிறார்கள். மூன்று அத்தியாயங்கள் பார்த்தேன். கதை என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது? தொடர்ந்து பார்க்கலாமா?"

பார்க்கலாம். கதை எங்கே என்று தேடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். இருபத்தாறு அத்தியாயங்களும் முடிந்த பிறகும் நீங்கள் தேடும் வகைக் கதை கிடைக்காது. இந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரில் பார்க்க வேண்டியது உழைப்பை. மதிய உணவின்போது ஒரு சாசேஜ் நழுவுகிறது. தோழியிடம் கொடுத்த நோட்டை அவசரமாகத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. இப்படி ஒரு காசுக்குப் பெறாத சங்கதிகளுக்கு, போர்க்களக் காட்சிக்குச் செலவழிக்கும் ஓவியத் திறமை முழுவதையும் கொட்டியிருக்கிறார்கள். கொட்டிவிட்டு, 'பார்த்தீர்களா எங்கள் கிறுக்கை' என்று கண் சிமிட்டுவதும் கிடையாது. கடைசிவரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே செய்கிறார்கள். சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அராவி கெய்இச்சி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. கதோகாவா நிறுவனத்தின் 'ஷோனென் ஏஸ்' மாத இதழில் 2006 டிசம்பரில் தொடங்கி 2015 வரை வந்து, பத்துத் தொகுதிகளாக நின்றது. 2021-இல் அவரே மறுபடி தொடங்கினார். கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோ இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது; 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பானது. இயக்குநர் இஷிஹாரா தாத்சுயா. பாத்திரங்களை அனிமேஷனுக்கு ஏற்ப வடிவமைத்தவர் நிஷியா ஃபுத்தோஷி. இசை நோமி யூஜி. ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் நிறுவனமான ஜிப்லி ஸ்டூடியோவின் இரண்டு திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். நகைச்சுவைத் தொடருக்கு இப்படியொரு இசையமைப்பாளரைத் தேடிப் பிடித்ததிலேயே இவர்கள் எவ்வளவு தீவிரமாக இருந்தார்கள் என்பது தெரிகிறது. தலைப்புக்கு 'அன்றாடம்' என்று பொருள்.

களம் டோக்கிசதாமே என்ற கற்பனை ஊரின் உயர்நிலைப் பள்ளி. மூன்று தோழிகள்: யூக்கோ, மியோ, மாய். யூக்கோவுக்கு வீட்டுப்பாடம் எப்போதும் மறந்துபோகும்; தன்னைப் பெரிய நகைச்சுவைக்காரி என்றும் நினைத்துக்கொண்டிருப்பாள். மியோ பொறுப்பான பெண். ஆனால் யாருக்கும் தெரியாமல் ஆண்களின் காதலை மங்காவாக வரைகிறாள், கோபம் வந்தால் தாங்காது. மாய் நன்றாகப் படிக்கிறவள், பேசவே மாட்டாள், அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பள்ளிக்கு வெளியே இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே எட்டு வயது விஞ்ஞானி ஹகாசே, அவள் உருவாக்கிய ரோபோப் பெண் நானோ, சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டினால் மனிதர்போல் பேசும் கறுப்புப் பூனை சகாமோட்டோ. கழுத்துப்பட்டையும் ஹகாசேயின் கண்டுபிடிப்புதான்.

ஒரு சின்னத் தகவல், சப்டைட்டிலில் தெரியாது: அராவியின் சொந்த மாநிலம் டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள குன்மா. பாத்திரங்களின் குடும்பப் பெயர்கள் பலவும் அந்த மாநிலத்து ஊர்ப்பெயர்கள். மியோவின் நாகனோஹாரா ஒரு மலை ஊர், மாயின் மினகாமி வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது, தகாசாகி ஆசிரியர் பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. எந்நேரமும் ஏதாவது விபரீதத்தைப் பார்த்து அலறும் அன்னாக்கா ஹருனா என்ற மாணவியின் பெயரோ அப்படியே ஒரு புல்லட் ரயில் நிலையத்தின் பெயர். குன்மாக்காரர்களுக்கு வருகைப் பதிவேட்டை வாசித்தாலே சிரிப்பு வரும்.

இனி 'விழுகிறார்கள்' என்ற உங்கள் புகாருக்கு வருகிறேன். ஸ்லாப்ஸ்டிக் என்று சொல்லப்படும் விழுந்து எழும் நகைச்சுவைக்கு உண்மையான உடல் வேண்டும். மௌனப்பட காலத்தில் பஸ்டர் கீட்டன் நின்ற இடத்தில் ஒரு வீட்டின் முன்சுவரே சரிந்து விழும். சன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்கியதால் தப்பிப்பார். அந்தச் சுவர் நிஜம். ஓரடி தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. பார்க்கிறவரின் வயிற்றில் ஏற்படும் அந்தக் கலக்கம்தான் அடுத்த நொடி சிரிப்பாக வெடிக்கிறது. கோட்டோவியத்தில் இதற்கு வழியே இல்லை. காகிதத்தில் வரைந்தவன் மலையிலிருந்து விழுந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது என்பது குழந்தைக்கும் தெரியும். அமெரிக்கக் கார்ட்டூன்கள் இதை வேறு வழியில் சமாளித்தன: ஆபத்தைக் கைவிட்டுவிட்டு, உடலையே ரப்பராக்கின. தட்டையாக நசுங்கும், வில்லாக நீளும், மறுகணம் பழையபடி எழுந்து நிற்கும்.

நிச்சிஜோ அந்த வழியில் போகவில்லை. கை கால் நான்கு கோடுகளில் வரையப்பட்ட பொம்மை உருவங்கள்தான். ஆனால் நகரும்போது அவற்றுக்கு எடை வந்துவிடுகிறது. ஓடத் தொடங்குமுன் கால் தரையை உந்துகிறது. திரும்பும்போது தோள் முதலில் திரும்பி, பை பின்னால் இழுக்கிறது. பிடித்து நிறுத்தினால் இரண்டு எட்டு சறுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கிறார்கள். உடல் உடலாகவே நடந்துகொள்வதால், அடி விழும்போது நமக்கும் கொஞ்சம் வலிக்கிறது.

இதற்குச் சான்று, எல்லோரும் சொல்லும் மான் காட்சி. யூக்கோ சன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். கோட்டும் டையும் அணிந்த தலைமையாசிரியர் கொம்புள்ள ஒரு மானோடு எதிரெதிரே நிற்கிறார். பிறகு மோதுகிறார்கள். நிஜமான மல்யுத்தம். கொம்பைப் பிடிப்பது, தள்ளுவது, சறுக்குவது எல்லாம் ஒழுங்கான விளையாட்டு ஒளிபரப்பைப்போலத் தெளிவாகக் காட்டப்படுகிறது. கடைசியில் அந்த வயதான மனிதர் மானைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, முதுகை வில்லாக வளைத்து, தலைக்குமேல் தூக்கித் தரையில் மோதுகிறார். தொழில்முறை மல்யுத்தத்தில் ஜெர்மன் சூப்லெக்ஸ் என்பார்கள். ஏன் மான்? எங்கிருந்து வந்தது? விளக்கம் கிடையாது. யூக்கோவின் முகத்தை மட்டும் அவ்வப்போது காட்டுகிறார்கள். அவளுக்கும் நம்மைப்போலவே ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தக் காட்சியை அரைகுறையாக வரைந்திருந்தால், 'சும்மா ஒரு கிறுக்குக் காட்சி' என்று தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்திருப்போம். ஒவ்வொரு பிடியும் சரியாக இருப்பதால்தான், தலைமையாசிரியர் மானோடு மல்லுக்கு நிற்பது வேறு வழியே இல்லாத ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது.

கொஞ்சம் தொழில்நுட்பம். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவார்கள். அதாவது நொடிக்கு எட்டுப் படங்கள். பேசும்போது வாய் மட்டும் அசையும். பணமும் ஆளும் நேரமும் மிச்சம். சண்டை, ஓட்டம் போன்ற இடங்களில் மட்டும் படங்களை நெருக்கமாக வரைவார்கள். அப்படி நன்றாக அசையும் துண்டுகளை ரசிகர்கள் 'சகுகா' என்று தனியே பாராட்டிப் பேசுவார்கள். வழக்கமான தொடரில் அது கதையின் உச்சத்துக்கென்று ஒதுக்கப்பட்ட சேமிப்பு. நிச்சிஜோவில் அந்தச் சேமிப்பை எடுத்து, யூக்கோவின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து நழுவிய ஆக்டோபஸ் வடிவச் சாசேஜ் தரையைத் தொடுமுன் பிடிப்பதற்குச் செலவழிக்கிறார்கள். காலம் மெதுவாகிறது, காமிரா சுழல்கிறது, யூக்கோவின் முகம் கோணுகிறது, இசை பொங்குகிறது. ஒரு சாசேஜ், அவ்வளவுதான்.

மியோ நோட்டுக் காட்சியும் அப்படித்தான். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுத யூக்கோ நோட்டு கேட்கிறாள், மியோ கொடுத்துவிடுகிறாள், அடுத்த நொடி, அதற்குள் தான் வரைந்து வைத்த படம் நினைவுக்கு வருகிறது. இனி உலகமே அழிந்தாலும் அந்த நோட்டு திறக்கப்படக் கூடாது. சுற்றியிருப்பவர்களுக்கு இது ஒரு நோட்டு விவகாரம். அவளுக்கு மானம் போகும் விவகாரம். கேலிக்காக ஊதிப் பெரிதாக்கியிருப்பதாகத் தோன்றினாலும், பதினைந்து பதினாறு வயதில் இத்தகைய நொடிகள் உள்ளே எவ்வளவு பெரிதாக இருக்குமோ அதே அளவில்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். அந்த வயதுக்காரர்கள் நிறைந்த இடமாக இருப்பதால்தான் இந்த வகை நகைச்சுவைக்குப் பள்ளிக்கூடம் இவ்வளவு பொருந்துகிறது.

அடுத்தது, 'கத்துகிறார்கள்'. இதற்கு ஜப்பானிய மேடை நகைச்சுவையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒசாகா பகுதியில் வளர்ந்த மன்சாய் என்ற இருவர் நகைச்சுவையில் இரண்டு வேடங்கள் உண்டு. போக்கே என்பவர் அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வார் அல்லது செய்வார். த்சுக்கோமி என்பவர் உடனே அதைப் பிடித்து, 'என்னய்யா இது!' என்று அதட்டுவார், சில சமயம் தலையில் ஒரு தட்டும் தட்டுவார். அசட்டுத்தனம் மட்டும் போதாது. அது அசட்டுத்தனம் என்று ஒருவர் உரக்கச் சொன்னால்தான் சுற்று முடியும். அனிமேயில் நீங்கள் கேட்கும் கூச்சலில் பாதி இந்த அதட்டல்தான்.

நிச்சிஜோ இந்த விதியை வைத்துக்கொண்டே விளையாடுகிறது. மூவரில் மாய்தான் பிறவிப் போக்கே. வகுப்பில் உட்கார்ந்து மரத்தில் புத்தர் சிலை செதுக்கிக்கொண்டிருப்பாள். யூக்கோ எதைச் செய்தாலும் அவள் முகத்தில் ஒரு கோடும் அசையாது. யூக்கோவோ போக்கேயாக ஆசைப்படுகிறவள். ஆனால் சரக்கு இல்லை. மாயிடம் மாட்டினால் கத்திக் கத்தித் தொண்டை வறளும் த்சுக்கோமியாகிவிடுகிறாள். முதல் அத்தியாயத்தில் பள்ளிக்கு வந்ததும் தோழிகளை நோக்கி உற்சாகமாக, 'செலாமாட் பாகி!' என்கிறாள். மலாய், இந்தோனேசிய மொழிகளில் காலை வணக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜப்பானியப் பள்ளி வாசலில் யாருக்கும் அது புரிவதில்லை. பதில் இல்லை. சிரிப்பு இல்லை. காமிரா நகராமல் நிற்கிறது. அந்த அமைதி ஒரு கணம் கூடுதலாக நீள்கிறது, யூக்கோவின் நம்பிக்கை கண்ணெதிரே உருகுகிறது. சொன்ன ஜோக் தோற்றுப் போவதுதான் இங்கே ஜோக்.

மூன்று அத்தியாயங்கள் பார்த்த உங்கள் கண்ணுக்குக் கூச்சலும் ஓட்டமும் மட்டும் பட்டிருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் வரும் மௌனத்தைக் கவனித்துப் பாருங்கள். காற்றாடும் மின்கம்பி, காலியான வராந்தா, சன்னலோரத் திரைச்சீலை என்று எதுவும் நடக்காத படங்கள் வந்துகொண்டே இருக்கும். வேறு ஸ்டூடியோ என்றால் வெட்டி எறிந்திருக்கும். இஷிஹாரா அவற்றை நிதானமாக ஓடவிடுகிறார். நாமும் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம், அப்போது அடிக்கிறார்.

தொடரின் முதல் பெரிய சிரிப்பே இப்படி அமைந்ததுதான். காலையில் அவசரமாக ஓடும் நானோ ஒரு மனிதர்மேல் மோதுகிறாள். ஊரே அதிரும் வெடிப்பு. காட்சி அத்துடன் முடிகிறது. பிறகு எங்கோ அமைதியாக நடந்துவரும் யூக்கோவின் தலையில் வானத்திலிருந்து கொகேஷி மரப்பொம்மை ஒன்று விழுகிறது. பின்னர் அகாபெக்கோ, ஐசு பகுதியில் செய்யும் தலையாட்டி மாட்டுப் பொம்மை. அப்புறம் ஒரு முழு சால்மன் மீன். மோதலுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்தும் பயனில்லை.

ஹகாசேயின் வீட்டுக் காட்சிகளுக்கு வேகம் வேறு. அங்கே அடியும் உதையும் குறைவு. நானோவின் முதுகில் ஒரு பெரிய சாவி சுழல்கிறது. தான் ரோபோ என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அவள் தவிக்கிறாள். சாவியைக் கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஹகாசே கழற்ற மாட்டாள், 'அதுதான் அழகாக இருக்கிறது' என்பாள். போதாததற்கு நானோவுக்கே தெரியாமல் அவள் உடம்பில் புதிது புதிதாக எதையாவது பொருத்திவிடுவாள். ஒருநாள் கை திறந்து உள்ளேயிருந்து ரோல் கேக் வெளியே வருகிறது. ஆக்கியவள் குழந்தை, ஆக்கப்பட்டவள் அந்தக் குழந்தைக்குச் சமைத்துப் போட்டுத் தூங்க வைக்கும் தாய். பூனை சகாமோட்டோ மனிதக் கணக்கில் தனக்கு வயது அதிகம் என்று சொல்லி, 'சகாமோட்டோ-சான்' என மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடிப்பார். மறு நிமிடமே ஹகாசே அவரை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள்.

நீங்கள் கேட்ட கதை கொஞ்சமாவது இருக்கிறது என்றால், அது இங்கேதான். தொடரின் முதல் பாதி முழுவதும் நானோ பள்ளிக்கு வெளியே நிற்கிறாள். சீருடை அணிந்த பிள்ளைகள் போவதைப் பார்க்கிறாள். பதினான்காம் அத்தியாயத்தில் அவளும் டோக்கிசதாமே பள்ளியில் சேர்கிறாள். இரண்டு உலகங்களும் கலக்கின்றன. அறிவியல் ஆசிரியை நாகாமுரா அவள் ரோபோ என்பதைக் கண்டுபிடித்து, எப்படியாவது பிடித்து ஆராய வேண்டும் என்று வலை விரிப்பார்; ஒவ்வொரு முறையும் தான் கலக்கிய மயக்க மருந்தைத் தானே குடித்துவிட்டு விழுவது போன்ற கதிதான் அவருக்கு. யூக்கோவும் மற்றவர்களும் மட்டும் அந்தச் சாவியைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. இதை ஒரு பெரிய நெகிழ்ச்சிக் காட்சியாக்கிப் பின்னணியில் வயலின் வாசிக்கவில்லை. போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த அசட்டுத்தனத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் பாதியில் அத்தியாயம் முடியும்போது ஒலிக்கும் பாடல்கள், ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் சேர்ந்து பாடும் சேர்ந்திசைப் பாடல்கள். அந்த நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்கு அவை என்ன செய்யும் என்று ஊகிக்கத்தான் முடிகிறது. எனக்கே தொண்டை அடைக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சசஹாரா என்ற மாணவன் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆனால் பிரபு வம்சத்துத் தோரணையில் ஆட்டின்மேல் ஏறிப் பள்ளிக்கு வருகிறான். முதல் முறை பார்க்கும்போது அருமை. அவனைக் காதலிப்பதை ஒப்புக்கொள்ளாத மிசாட்டோ, வெட்கம் வந்தால் எங்கிருந்தோ துப்பாக்கி, ஏவுகணை எடுத்து அவனைச் சுடுகிறாள். இதுவும் முதல் முறை அருமை. ஏழாவது முறை கை ரிமோட்டைத் தேடுகிறது. வானில் பறக்கும் ராஜ்ஜியத்தில் நடக்கும் கிளைக்கதைத் துண்டுகள் எனக்கு ஒட்டவே இல்லை. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் சொல்லும் சிலேடைகள் ஜப்பானிய ஒலியை நம்பியவை, சப்டைட்டிலில் செத்துப்போகின்றன. (அவை மொக்கையாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்பதால் இழப்பு பெரிதில்லை.) 'ஹெல்வெட்டிக்கா ஸ்டாண்டர்ட்' என்ற தலைப்பில் இடையிடையே வரும் குட்டித் துண்டுகள், அராவி 'நியூடைப்' இதழில் தனியாக வரைந்த நகைச்சுவைப் படங்களிலிருந்து எடுத்தவை. அவற்றில் பாதி புரியாது. புரியாவிட்டாலும் அரை நிமிடத்தில் போய்விடும்.

இவ்வளவு உழைப்புக்கு அந்த நாளில் பலன் கிடைத்ததா என்றால், இல்லை. அப்போது நள்ளிரவு அனிமேக்களின் வருமானம் பெரிதும் டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க் விற்பனையை நம்பியிருந்தது. நிச்சிஜோவைத் தொகுதிக்கு இரண்டு அத்தியாயங்களாகப் பதின்மூன்று தொகுதிகள் விற்றார்கள். எல்லாவற்றையும் வாங்க ஒரு ரசிகருக்குக் கணிசமான பணம் ஆகும். இசைக்குழு நடத்தும் பள்ளி மாணவிகளைப் பற்றி அதே ஸ்டூடியோ எடுத்த 'கே-ஆன்!' அதற்குச் சற்று முன்புதான் விற்பனையில் கொடிகட்டிப் பறந்திருந்தது. நிச்சிஜோ அதன் அருகே வரவில்லை. அழகான பெண்களின் இதமான பள்ளி வாழ்க்கையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு மானோடு மல்யுத்தம் கிடைத்தால் வாங்கிச் சேர்த்து வைக்கத் தோன்றாது என்பது என் கணிப்பு. திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும் தொடருக்கும் காசு கொடுத்து அலமாரியில் அடுக்கத் தோன்றும் தொடருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வெளிநாட்டிலும் அதிர்ஷ்டம் ஒத்துழைக்கவில்லை. வட அமெரிக்காவில் வெளியிட உரிமை வாங்கியிருந்த பண்டாய் என்டர்டெயின்மென்ட் 2012 தொடக்கத்தில் புதிய வெளியீடுகளையே நிறுத்தியது. நிச்சிஜோவும் அத்தோடு நின்றது. 2017-இல்தான் ஃபூனிமேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் அதை டிஸ்க்காகக் கொண்டுவந்தது. ஜப்பானில் 2012-இல் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கல்வித் தொலைக்காட்சி பன்னிரண்டு அத்தியாயங்களாகச் சுருக்கி மறுபடி ஒளிபரப்பியது. நள்ளிரவில் பார்க்காத குழந்தைகளும் பெற்றோரும் அப்போது பார்த்தார்கள். இதற்கிடையில் மான் காட்சியும் சாசேஜ் காட்சியும் துண்டு துண்டாக இணையம் முழுக்கப் பரவின. முன்பின் தெரியாமல் ஒரு நிமிடம் பார்த்தாலும் சிரிப்பு வரும்படி வரையப்பட்டிருந்ததால், எந்த நாட்டுக்காரருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கதை இல்லை என்று நீங்கள் சொன்ன குறையே அதற்குக் கால் முளைக்க வைத்தது.

இந்த ஸ்டூடியோவால் மட்டும் இது எப்படி முடிந்தது என்பதற்கும் காரணம் உண்டு. கியோட்டோ அனிமேஷன் 1981-இல் சிறிய அளவில் தொடங்கி, மற்றவர்களின் படங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்த இடம். ஜப்பானில் பெரும்பாலான அனிமேட்டர்கள் படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தனியாட்கள். இவர்கள் தங்கள் ஓவியர்களை மாதச் சம்பளத்தில் வைத்து, தாங்களே பயிற்சி கொடுத்து, பின்னணி ஓவியம் உட்பட ஸ்டூடியோவுக்குள்ளேயே செய்பவர்கள். நகைச்சுவையில் ஒரு கணம் முன்னே பின்னே போனால் சிரிப்பு போய்விடும். ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து திருத்தித் திருத்தி வரைகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு வசப்படும். இவர்கள் முதன்மை ஸ்டூடியோவாக எடுத்த முதல் தொலைக்காட்சித் தொடரே பள்ளிக்கூட ஸ்லாப்ஸ்டிக்தான்: 2003-இல் வந்த 'ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமொஃபு'. போர்க்களம் தவிர வேறெதுவும் தெரியாத ஓர் இளைஞன் சாதாரணப் பள்ளியில் சேர்ந்து, காலணி அலமாரியில் யாரோ கை வைத்த தடயம் தெரிந்தால் அதை வெடிவைத்துத் தகர்க்கும் வகை. அதை இயக்கிய தாகெமோட்டோ யாசுஹிரோவும் நிச்சிஜோவின் உருவங்களை வடிவமைத்த நிஷியா ஃபுத்தோஷியும், 2019 ஜூலை 18 அன்று அந்த ஸ்டூடியோவுக்கு ஒருவன் தீ வைத்தபோது இறந்த 36 பேரில் இருந்தார்கள்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால்: ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். மூன்று நான்கு சேர்ந்தால் காது களைத்துவிடும், பிறகு எந்த ஜோக்கும் எடுபடாது. ஒளிபரப்புக்கு முன்பே டிஸ்க்கில் வந்த பூஜ்ஜியம் எண்ணிட்ட அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை; பாத்திரங்கள் பழகிய பிறகு பார்த்தால் அது கூடுதலாகச் சிரிக்க வைக்கும். மான் காட்சி வரும்வரை போங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இந்தத் தொடர் உங்களுக்கானதில்லை, கூச்சப்படாமல் விட்டுவிடலாம்.

விட்டுவிட்டாலும் இந்த வகையை விட வேண்டாம். கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் 2002-இல் வந்த 'அசுமாங்கா தாய்ஓ'. நான்கு கட்டச் சித்திரங்களிலிருந்து எடுத்ததால் ஜோக்குகள் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும், யாரும் எதையும் வெடிக்கவைக்க மாட்டார்கள். காதல் குழப்பம் கலந்து வேண்டுமென்றால் 2004-இன் 'ஸ்கூல் ரம்பிள்'. முரடர்கள் நிறைந்த பள்ளியில் ஒரு கொரில்லாவும் ஒரு ரோபோவும் மாணவர்களாக உட்கார்ந்திருக்க, அதைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் இருக்கும் 'குரோமார்ட்டி உயர்நிலைப் பள்ளி'யில் (2003) அனிமேஷன் கிட்டத்தட்ட அசையவே அசையாது. நிச்சிஜோவுக்கு நேர் எதிர்த் துருவம், எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆண்பிள்ளைகளின் வெட்டிப் பேச்சு வேண்டுமென்றால் 2012-இன் 'தான்ஷி கோகோசெய் நோ நிச்சிஜோ'. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அராவியின் அடுத்த மங்காவான 'சிட்டி'யையும் கியோட்டோ அனிமேஷனே 2025-இல் தொடராக்கியிருக்கிறது. இயக்கிய இஷிதாத்தே தாய்ச்சி நிச்சிஜோவிலும் வேலை செய்தவர். அதில் பள்ளிக்குப் பதில் முழு ஊரும் ஓடுகிறது. நிச்சிஜோவை முடித்துவிட்டு அதற்குப் போங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.